பச்சை நீர்

வீட்டு மீன்தொட்டி கண்ணுக்கு இனிய அழகுப்பொருளாகத் தோன்றுகிறது. உண்மையில் அது கண்ணாடிச் சுவர்களுக்குள் அடங்கிய ஒரு சிறு நீர்நிலை. ஒளி, உணவு, நீர், உயிர்கள் ஆகியன அங்கு ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று அளவை மீறும்போது நீர் பச்சையாகிறது. அந்தப் பச்சையைத் துடைத்தெறிய முயன்று, பின்னர் அதன் காரணத்தைத் தேடிச் சென்ற ஒரு மாணவியின் அனுபவத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஒப்படைக்கப்பட்ட உயிர்கள்

சென்னை பெரம்பூரில், முதல் மாடியில் அமைந்த சிறிய வீடு அது. அதன் கூடத்தில் கிழக்குப் பார்த்த சன்னலின் ஓரத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. நீளம் இரண்டடி, அகலமும் உயரமும் ஓரடி. நிறைய ஊற்றினால் ஏறத்தாழ 55 லிட்டர் நீர் கொள்ளும்.

அதனை வாங்கியவர் அம்மாணவியின் தந்தை. கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில், கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் மகளை அழைத்துக்கொண்டு அரைநாள் அலைந்தார். ஆறு தங்கமீன்களைத் தேர்ந்தெடுத்தார். காலை வெயில் பட்டால் மீன்களின் செதில்கள் மின்னும் என்று தொட்டியைச் சன்னலோரமாக வைத்தவரும் அவரே. தை மாதம் வேலைக்காக வளைகுடா நாட்டுக்குப் புறப்பட்டபோது, "பட்டினி போட்டுடாதேம்மா. மூணு வேளையும் மறக்காம தீனி போடு" என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று மாலை கைப்பேசியின் காணொளி அழைப்பில் வருவார். மனைவியிடம் வீட்டுச் செலவைப் பற்றிப் பேசுவார். மகளிடம் படிப்பைப் பற்றிக் கேட்பார். இறுதியில், "மீனைக் கொஞ்சம் காட்டும்மா" என்பார். தொலைவில் ஓர் அறையில் நால்வருடன் தங்கியிருந்த அவருக்கு, அந்த ஆறு மீன்களும் தம் வீட்டுக் கூடத்தின் ஒரு பகுதியாக இருந்தன. மகள் அதை அறிந்திருந்தாள். காலையிலும் மாலையிலும் இரவிலும் தீனியை அள்ளித் தூவினாள்.

பச்சை படர்ந்தது

மார்கழியில் கதிரவன் தென்கிழக்கே சாய்ந்து எழுகிறான். பங்குனியில் நேர் கிழக்கில் எழுகிறான். மழைக்காலத்தில் வாங்கிய தொட்டியின்மீது பங்குனி வெயில் நேராக வந்து விழுந்தது. முதலில் கண்ணாடியின் உட்புறத்தில் ஊசிமுனை அளவில் பச்சைப் புள்ளிகள் தோன்றின. அடுத்துக் கூழாங்கற்களின்மேல் வழுவழுப்பான படலம் படிந்தது. காற்றுக்குழாயில் இழையிழையாய்ப் பாசி தொங்கியது. மாத இறுதியில் நீரே பச்சையாயிற்று. மீன்கள் கண்ணாடியை ஒட்டி வரும்போது மட்டும் செந்நிறம் தெரிந்தது. சற்றே விலகினால் மறைந்தது.

அவள் பஞ்சினால் கண்ணாடியைத் தேய்த்தாள். இரண்டே நாளில் பாசி மீண்டும் படர்ந்தது. தேய்க்கத் தேய்க்கப் படர்வதற்குக் காரணம் உண்டு. பாசியின் நுண்ணிய ஸ்போர்கள் நீருடனோ காற்றுடனோ நீர்ச்செடியின் இலையுடனோ எப்படியும் தொட்டிக்குள் வந்துவிடுகின்றன. அவை இல்லாத தொட்டி எங்கும் இல்லை. போதிய ஒளியும் நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய ஊட்டங்களும் கிடைக்கும்வரை அவை அடங்கிக் கிடக்கும், கிடைத்தவுடன் பெருகும். கிளாமிடோமோனாஸ் போன்ற ஒருசெல் பாசிகள் நீரில் மிதந்து நீரையே பச்சையாக்குகின்றன. கிளாடோஃபோரா போன்றவை இழைகளாக வளர்ந்து கல்லையும் குழாயையும் பற்றிக்கொள்கின்றன.

பச்சைப்பாசி அயலான உயிரன்று. மாமரத்தின் இலையிலும் நெல்லின் தாளிலும் உள்ள பச்சையம் ஏ, பச்சையம் பி ஆகிய இரண்டும் அதனிடமும் உள்ளன. இலையைப் போலவே அதுவும் மாவுப்பொருளைச் சேமிக்கிறது. நிலத்தில் வாழும் தாவரங்கள் அனைத்தும் பச்சைப்பாசிகளின் வழியில் தோன்றியவை என்பது உயிரியலார் முடிபு. மீனின் கழிவையும் எஞ்சிய தீனியையும் உண்டு, வெயிலைப் பருகி வளர்ந்த அந்தப் பச்சை, தொட்டிக்குள் எது மிகுந்திருந்தது என்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்ணுக்கோ அது அழுக்காகவே பட்டது.

ஒரு வியாழக்கிழமை

மறுநாள் தந்தை மீன்களைப் பார்க்கக் கேட்பார். வியாழக்கிழமை மாலை பள்ளியிலிருந்து வந்ததும் அவள் வேலையைத் தொடங்கினாள். மீன்களை வாளிக்கு மாற்றினாள். தொட்டி நீரை ஒரு சொட்டும் விடாமல் கொட்டினாள். கூழாங்கற்களைக் குழாயடியில் அலசி அலசிக் கழுவினாள். வடிகட்டியின் பஞ்சைப் பிழிந்து, தெளிந்த நீர் வரும்வரை குழாய்நீரில் காட்டினாள். கண்ணாடியைப் பளபளக்கத் துடைத்துப் புதுநீர் நிரப்பி மீன்களை விட்டாள். இரவு ஒன்பது மணிக்கு அத்தொட்டி கடையில் வாங்கிய நாளைவிடவும் அழகாக இருந்தது.

"கண்ணாடி மாதிரி இருக்கேம்மா!" என்று வெள்ளியன்று தந்தை மகிழ்ந்தார்.

சனிக்கிழமை காலையில் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள்கள் விரைந்து அசைந்தன. பசியென்று எண்ணி அவள் மேலும் தீனி போட்டாள். ஞாயிறன்று இரண்டு மீன்கள் இறந்தன. செவ்வாய்க்குள் மேலும் இரண்டு. நான்கையும் மொட்டைமாடிப் பூந்தொட்டியின் மண்ணில் புதைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை தந்தை கேட்டபோது, கைப்பேசியைத் தொட்டியின் பக்கம் திருப்பவில்லை. "நல்லா இருக்குப்பா. விளக்கு எரியலை, அடுத்த வாரம் காட்டுறேன்" என்றாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கடைக்காரர் கேட்ட கேள்விகள்

மறுநாள் தாயுடன் அவள் கொளத்தூருக்குச் சென்றாள். நாற்பதாண்டுகளாய் வண்ணமீன் விற்றுவரும் முதியவரின் கடை அது. அடுக்கில் இருந்த பாசிக்கொல்லி மருந்துப் புட்டியைச் சுட்டிக்காட்டி அதனைக் கேட்டாள். பாசி தின்னும் 'டேங்க் கிளீனர்' மீன் ஒன்றையும் கேட்டாள். அவர் இரண்டையும் எடுக்கவில்லை. கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்.

"தொட்டி எங்கம்மா இருக்கு?"

"சன்னல் பக்கத்துல, தாத்தா."

"தீனி எத்தனை வேளை?"

"மூணு வேளை."

"எத்தனை மீன்?"

அவள் சற்றே தயங்கி, "ஆறு இருந்துச்சு" என்றாள்.

"கழுவினியே, பஞ்சை எந்தத் தண்ணியில கழுவினே?"

"குழாய்த் தண்ணியிலதான்."

பெரியவர் தலையசைத்தார். "பாசியால உன் மீன் சாகலைம்மா. சுத்தம் பண்ணினதாலதான் செத்துது" என்றார்.

மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. அது செவுள்களைப் புண்ணாக்கும் நஞ்சு. தொட்டியின் கூழாங்கற்களிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியிருக்கும் நுண்ணுயிரிகளுள் ஒருவகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் மீனுக்குத் தீங்கானதே. வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகிறது. பாடநூலில் நைட்ரஜன் சுழற்சி என்று படிப்பது இதுவே. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிரிகள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குடியிருப்பை அவள் ஒரே மாலையில் கழுவிவிட்டாள். எஞ்சியவற்றைக் குழாய்நீரில் கலந்திருந்த குளோரின் கொன்றது. அம்மோனியாவை உண்டுகொண்டிருந்த பாசியும் போயிற்று. நீர் தெளிவாக இருந்தது. ஆனால் அதில் சேரும் நஞ்சை நீக்க எவருமில்லை.

மருந்தும் வேண்டாம் என்றார் பெரியவர். மருந்திட்டால் பாசி ஒரே நேரத்தில் மடிந்து அழுகும். அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். செம்பு கலந்த மருந்துகள் நத்தையையும் இறாலையும் கொல்லும். 'டேங்க் கிளீனர்' மீனோ ஓரடிக்குமேல் வளரக்கூடியது. இரண்டடித் தொட்டியில் வைக்க இயலாமல் பலர் அதனை ஏரிகளில் விட்டுவிடுகின்றனர். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அம்மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்கிறது. "உன் தொட்டியைச் சுத்தம் பண்ண ஏரியைக் கெடுக்கலாமா?" என்றார்.

இலண்டனில் ஒரு தொட்டி

பெரம்பூர் மாணவியின் முன்நின்ற சிக்கல் புதியதன்று. 1849ஆம் ஆண்டு இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர் 12 கேலன் கொள்ளளவுள்ள கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறு தங்கமீன்களை வளர்த்தார். 12 கேலன் என்பது ஏறத்தாழ 55 லிட்டர். பெரம்பூர்த் தொட்டியின் அளவேதான். அக்காலத்தில் கண்ணாடிக் கலத்தில் மீன் வளர்ப்போர் நீரை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. நீரை மாற்றாமலே மீன் வாழ வழியுண்டா என்று ஆராய்ந்த அவர், கலத்தின் அடியில் மணலும் கற்களும் பரப்பி வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியை நட்டார். செடி ஆக்சிஜனைத் தரும். மீன் வெளிவிடும் கார்பன் டைஆக்சைடைச் செடி ஏற்கும் என்பது அவர் கணிப்பு.

கணிப்பு பொய்க்கவில்லை. ஆயினும் சில காலத்தில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகின, நீர் கலங்கியது, கண்ணாடிச் சுவரில் பச்சைப்பாசி படர்ந்தது. வாரிங்டன் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவவில்லை. குளங்களில் அழுகிய இலைகளை உண்பது எது என்று எண்ணிப் பார்த்தார். குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகிய இலையையும் பாசியையும் உண்டன. நீர் தெளிந்தது. நத்தைகள் இட்ட முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. இம்முடிவுகளை 1850ஆம் ஆண்டு இலண்டன் வேதியியல் கழகத்தின் முன் அவர் எடுத்துரைத்தார். இன்று உலகெங்கும் வீடுகளில் உள்ள மீன்தொட்டிகளுக்கு அது ஒரு தொடக்கம்.

வாரிங்டனின் கலத்தில் இருந்தவை இரண்டு மீன்கள். அதே கொள்ளளவுள்ள தொட்டியில் பெரம்பூரில் இருந்தவை ஆறு. இப்போது அங்கும் இரண்டே எஞ்சியிருந்தன.

மூடிய தொட்டி

பெரியவர் தம் கடைத்தொட்டி ஒன்றில் பல மாதங்களாய் ஊறிய பஞ்சிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அத்தொட்டி நீருடனே நெகிழிப்பையில் கட்டிக் கொடுத்தார். அதில் நுண்ணுயிரிகள் குடியிருந்தன. ஐந்தாறு சிறு நத்தைகளையும் ஒரு கட்டு வாலிஸ்நேரியாவையும் சிறிது ஹைட்ரில்லாவையும் கொடுத்தார். "ஹைட்ரில்லாவைத் தங்கமீன் தின்னுடும். தின்னட்டும், கீரைதானே" என்றார். செடிக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார்.

வீட்டிற்கு வந்ததும் தாயும் மகளும் தொட்டியைச் சன்னலிலிருந்து நகர்த்தி, நேர்வெயில் படாத உட்சுவரின் ஓரத்தில் வைத்தனர். கழுவிய இரண்டு வாரத்திற்குள் நீர் மீண்டும் இளம்பச்சையாகத் தொடங்கியிருந்தது. பெரியவர் சொன்னபடி புதன்கிழமை இரவு தொட்டியின்மீது கெட்டியான போர்வை ஒன்றைப் போர்த்தினாள். மூன்று நாள் ஒளி படாவிட்டால் மிதக்கும் பாசி மெலிந்துபோகும். காற்றுக்குழாய் மட்டும் நிற்காமல் ஓடவேண்டும். பாசியும் இருளில் ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வதால் இந்த எச்சரிக்கை தேவைப்பட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. அழைப்பில் தந்தையின் முகம் தெரிந்தது. தாயின் பின்னால் இருந்த போர்வையை அவர் கண்டுவிட்டார்.

"அது என்ன, தொட்டியையா மூடி வச்சிருக்கீங்க? ஏன்?"

சொல்வதற்கு ஏதேனும் ஒரு பொய் கிடைத்திருக்கும். அவள் கைப்பேசியைத் தாயிடமிருந்து வாங்கி, பாசி படர்ந்ததையும் வியாழக்கிழமை மாலை கழுவியதையும் நான்கு மீன்கள் இறந்ததையும் சொன்னாள். போன வாரம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது என்பதையும் சொன்னாள். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

"சன்னல்கிட்ட வச்சது நான்தானேம்மா. மூணு வேளை போடச் சொன்னதும் நான்தான்" என்றார் தந்தை. பிறகு, "மிச்சம் ரெண்டும் சாப்பிடுதா?" என்று கேட்டார்.

மெல்லத் தெளிந்த நீர்

போர்வையை எடுத்தபோது நீர் வெளிறியிருந்தது. அதில் நான்கில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, வாளியில் ஒருநாள் வைத்திருந்த குழாய்நீரை ஊற்றினாள். ஒருநாள் திறந்து வைத்தால் குழாய்நீரிலுள்ள குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். நீரின் வெப்பமும் தொட்டி நீருக்கு ஒத்துவரும். இவ்வாறு வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுவது வழக்கமாயிற்று. பஞ்சு அடைத்துக்கொண்டால், வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே அதனை மெல்லப் பிழிந்தாள். தீனி ஒரு வேளையாகக் குறைந்தது. அதுவும் இரண்டு நிமிடத்தில் மீன்கள் உண்டு முடிக்கும் அளவே. விளக்கு நாளொன்றுக்கு ஏழு மணிநேரம் எரிந்தது.

முதல் இரண்டு வாரங்களில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. கற்களில் பாசி இருந்தது. ஹைட்ரில்லாவின் பாதியை மீன்கள் தின்றுவிட்டன. பஞ்சை எடுத்து எல்லாவற்றையும் மீண்டும் தேய்த்துவிடலாம் என்று அவள் கை துடித்தது. பொறுத்திருப்பது கழுவுவதைவிடக் கடினமாக இருந்தது. ஐந்தாம் வாரத்தில் வாலிஸ்நேரியா ஓடுதண்டு விட்டுப் புதிய கன்று ஈன்றது. செடி வளர வளர, பாசி உண்ட ஊட்டத்தை அது எடுத்துக்கொண்டது. நத்தைகள் நகர்ந்த தடங்களில் கண்ணாடி தெளிவாகத் தெரிந்தது.

ஏரியின் அளவில் ஒரு தொட்டி

மற்றொரு முறை கொளத்தூருக்குச் சென்று திரும்புகையில் ரெட்டேரியில் ஆகாயத்தாமரை நீர் தெரியாமல் படர்ந்திருப்பதை அவள் கண்டாள். முன்பும் பலமுறை கண்ட காட்சிதான். இம்முறை பெரியவரின் கேள்வி அவளுக்குள் எழுந்தது: இந்த ஏரிக்குத் தீனி எத்தனை வேளை?

அக்கேள்விக்கு விடை காணும் ஆய்வொன்று 1973ஆம் ஆண்டு கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் நடந்தது. 226 என்னும் எண்ணால் குறிக்கப்படும் சிறிய ஏரியை அறிவியலாளர்கள் ஒரு நெகிழித்திரையால் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பகுதியில் கார்பனையும் நைட்ரஜனையும் இட்டனர். மறு பகுதியில் அவ்விரண்டுடன் பாஸ்பரசையும் சேர்த்தனர். பாஸ்பரஸ் சேர்ந்த பகுதி மட்டும் நீலப்பச்சைப்பாசி பெருகிப் பச்சையாயிற்று. வானூர்தியிலிருந்து எடுத்த படத்தில் ஒரே ஏரியின் பாதி கருநீலமாகவும் பாதி பச்சையாகவும் தெரிந்தது. வீட்டுக் கழிவுநீரிலும் சலவைத்தூளிலும் வயலின் உரத்திலும் பாஸ்பரஸ் இருக்கிறது. ஏரிக்குள் அவை சென்றுகொண்டிருக்கும்வரை, மேலே படர்ந்ததை அள்ளி அள்ளி எறிந்தாலும் மீண்டும் படரும். கண்ணாடியைத் தேய்த்தவளுக்கு அது விளங்கியது. ஏரியைத் தொட்டியைப் போல நகர்த்திவைக்க முடியாது என்பதும் விளங்கியது.

பின்புறக் கண்ணாடி

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தந்தை வழக்கம்போல் மீனைக் காட்டச் சொன்னார். அவள் கைப்பேசியைத் தொட்டியருகே கொண்டுசென்றாள். வாலிஸ்நேரியாவின் நீண்ட இலைகளுக்கிடையே இரண்டு தங்கமீன்களும் வந்து போயின. முன்புறக் கண்ணாடி தெளிவாக இருந்தது. பின்புறக் கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம் இருந்தது.

"பின்னாடி பச்சையா தெரியுதேம்மா. துடைக்கலையா?" என்றார் தந்தை.

"அது நத்தைக்குப்பா" என்றாள் மகள்.